எண்ணூர் திரவ இயற்கை எரிவாயு முனையம்

மிதக்கும் முனையத்தில் திரவ எரிவாயுவைக் கப்பலிலேயே தேக்கி ஆவியாக்குவர். தேவை தீர்ந்தால் கப்பலை வேறிடம் கொண்டுபோய்விடலாம். எண்ணூரில் அமைந்ததோ கரை முனையம். 1990களில் மின்நிலையத்துடன் சேர்த்துத் தீட்டிய திட்டம் கைகூடவில்லை. பின்னர் இந்தியன் ஆயிலின் கூட்டு நிறுவனம் காமராசர் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுடன் கட்டிய முனையம் 2019 மார்ச் 6 அன்று திறக்கப்பட்டது. இந்தியக் கிழக்குக் கரையில் இதுவே முதலாவது. மைனஸ் 162 டிகிரிக் குளிரில் வந்திறங்கும் திரவம் இங்கே மீண்டும் வாயுவாகிக் குழாய்வழி மணலிக்குச் செல்கிறது. அங்குள்ள மெட்ராஸ் உர ஆலை அவ்வாண்டே நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. வட்டாரத்துக்குக் கிடைத்த கண்கூடான பலன் இதுதான் எனலாம். எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் கோரிக்கை வேறு: கொசஸ்தலையாற்றைத் தூர்த்துவிட்ட அனல்மின் நிலையச் சாம்பலை அகற்ற வேண்டும் என்று அவர்கள் பல்லாண்டுகளாகப் போராடிவருகிறார்கள்.