ஒரு டாக்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கூடம்

சென்னை எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அரசு கவின் கலைக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று அது. அதை ஆரம்பித்தவர் ஓவியரோ சிற்பியோ இல்லை, ஒரு ராணுவ டாக்டர் என்று படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. தேடிப் படித்ததை எல்லோருக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் லண்டன் கதை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எந்திரங்கள் வந்து துணியும் பாத்திரமும் மலைமலையாகக் குவிந்தன. ஆனால் பார்க்க அழகாக இல்லை. டிசைன் விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள்தான் முன்னால் நின்றார்கள். விற்பனை போய்விடுமே என்ற பயத்தில் 1835இல் பாராளுமன்றம் ஒரு கமிட்டி போட்டது. அதன் விளைவாக 1837இல் அரசு டிசைன் பள்ளி தொடங்கியது. அதாவது அலங்காரக் கலையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்ற யோசனைக்குப் பின்னால் இருந்தது வியாபாரக் கவலை!

இந்தச் சூழலில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னை பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருடமே தொழில் பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1855இல் அரசு இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒன்றாக்கியது. ஓவியம், மரச்செதுக்கு அச்சு, மண்பாண்டம் என்று பல பிரிவுகள். ஹன்டருக்குப் புகைப்படத்தில் பெரிய ஈடுபாடு இருந்ததால் அதுவும் பாடமானது. கல்கத்தாவில் 1854, பம்பாயில் 1857, லாகூரில் 1875 என்று மற்ற பள்ளிகள் பிறகு வந்தன.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஹன்டரின் நோக்கங்களில் ஒன்று, உள்ளூர் மக்களின் ரசனையை உயர்த்துவது. யாருடைய ரசனையை? நம் நாட்டில் கல், மரம், உலோகம், தங்கம், இரும்பு என்று ஐந்து தொழில் செய்த கம்மாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். தட்டினால் ஸ்வரம் பேசும் சுசீந்திரம் தூண்களைச் செதுக்கியவர்கள் எந்தப் பள்ளியில் டிப்ளமா வாங்கினார்கள்? :-)

வேடிக்கை என்னவென்றால், 1851இல் லண்டன் கண்காட்சியில் இந்தியத் துணிகளையும் நகைகளையும் பார்த்து, டிசைனை இவர்களிடம்தான் கற்க வேண்டும் என்று இங்கிலாந்தின் நிபுணர்களே வியந்தார்கள். ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட புகழ்பெற்ற அலங்கார நூலில் இந்திய வேலைப்பாட்டுக்குத் தனி இடம் கொடுத்தார். அதே சமயம் லங்காஷயர் மில் துணி வந்து நம் நெசவாளியின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கலைப் பள்ளிகளிலோ பிள்ளைகள் கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

இந்த முரண்பாட்டைக் கவனித்தவர் ஈ. பி. ஹாவெல். 1884இல் சென்னைப் பள்ளிக்கு வந்த இவர், மாகாணம் முழுக்கச் சுற்றிக் கைத்தொழில்களின் நிலையைப் பார்த்தார். பிறகு கல்கத்தா போய், ஐரோப்பிய நகல்களை நீக்கி இந்தியக் கலையைப் பாடமாக்க முயன்றார். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? மாணவர்களிடமிருந்தே! எங்களுக்கு மட்டும் மட்டமான படிப்பா என்று சண்டை போட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. எது நம் கலை என்பதையும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிதானே முடிவு செய்தார்.

சென்னைப் பள்ளி நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்த கதை ஒன்று உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறுப்பில் இருந்தபோது, 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார்கள். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளி பட்டால் கெட்டுவிடும், அடிக்கடி ஈயம் பூச வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1900இல் இதற்கென ஒரு கம்பெனியே உருவானது. ஆக, அரசாங்கக் கலைப் பள்ளியில் பழகிய ஒரு வேலை முழுத் தொழிலாக வளர்ந்துவிட்டது.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வரானார். மெரினா உழைப்பாளர் சிலை இவர் செய்ததுதான். அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைவது அங்கே வழக்கமாக இருந்தது. கைத்தொழிலையும் கலையையும் பிரித்துவைத்த பள்ளியிலிருந்து வந்தவர்களே இரண்டையும் சேர்த்தார்கள்.

எங்கள் பூதப்பாண்டி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. சென்னைப் பள்ளியில் பொறுப்பு வகித்த சிஷோம்தான் 1880இல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்கு வரைபடம் போட்டவர். அதே திருவிதாங்கூரின் ரவி வர்மா எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்காமல் 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

1957இல் மாமல்லபுரத்தில் அரசே சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பரம்பரை ஸ்தபதிகளே அங்கே ஆசிரியர்கள். ஹன்டர் பள்ளி தொடங்கி 107 வருடம் ஆன பிறகுதான் இது நடந்தது. அந்தப் பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்த கணபதி ஸ்தபதி வடிவமைத்த 133 அடி வள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்டது. 2004 சுனாமியிலும் அசையாமல் நின்றது.

டிசைன் படிக்கப் போகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வடசேரியில் கோயில் நகை செய்கிறவரும், மயிலாடியில் கல் கொத்துகிறவரும் டிசைனர்கள்தான். சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். லீவில் ஊருக்கு வந்தால் ஒரு மணி நேரம் அவர்கள் பட்டறையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.