விஷத்தைத் துரத்தப்போய் கிடைத்த நிக்கல்

ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்னு சொன்னா, நமக்கு ஏதோ நாளைய டெக்னாலஜி மாதிரி தோணும். ஆனா அதோட இன்றைய தலைவலிக்கு வயசு 130-க்கு மேல. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1839-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ ஊர்க்காரர் வில்லியம் குரோவ், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிளாட்டினத்தின் மேல் சேரவைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று காட்டினார். சரி, அவ்வளவு சுத்தமான ஹைட்ரஜனுக்கு எங்கே போவது?

1889-ல் லுட்விக் மாண்ட் அதில் இறங்கினார். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் கெமிக்கல் தொழிற்சாலை நடத்தியவர். உதவியாளர் கார்ல் லாங்கரோடு சேர்ந்து, நிலக்கரியிலிருந்து வரும் மலிவான வாயுவில் செல்லை ஓட்டப் பார்த்தார். சுத்தமான ஹைட்ரஜனில் 0.73 வோல்ட் வந்தது; எரிபொருளின் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி மின்சாரமானது. ஆனால் நிலக்கரி வாயுவில் இருந்த கார்பன் மோனாக்சைடு, பிளாட்டினத்தைச் செயலிழக்க வைத்தது.

ஏன்? பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான். பிளாட்டினத்தில் இடம் பிடிச்சா எழுந்திருக்காது; ஹைட்ரஜன் வெளியே நிக்கும்.

அதை நீக்க, வாயுவைச் சூடான நிக்கல் மேல் செலுத்தினார்கள். செல் கடைசிவரை லாபமாகவில்லை. ஆனால் நிக்கலும் இந்த வாயுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தொடர்ந்து ஆராய்ந்தபோது, 1890-ல் ஓர் அதிசயம்: நிக்கலே வாயுவாக மாறிப் போனது! அதைச் சூடாக்கினால் சுத்தமான நிக்கல் திரும்பக் கிடைத்தது. 1902-ல் அந்த முறையில் ஒரு ஆலையே வந்தது. எங்கே தெரியுமா? கிளைடாக்கில். குரோவின் ஸ்வான்சீக்குப் பக்கத்து ஊர்.

தலைவலி மட்டும் அப்படியே இருக்கு. 80 டிகிரியில் ஓடும் இன்றைய கார் செல்லுக்கு, பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடே அதிகம். உலக ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்னும் இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் வருது. அதைச் சுத்தம் பண்ணவும் பணம், ஆற்றல் வேணும்.

அதனால செல்லையே மாத்துறாங்க. பிளாட்டினத்தோடு ருதேனியம் சேர்க்கலாம். எரிபொருளில் துளி காற்று கலந்து விஷத்தை எரிக்கலாம். 200 டிகிரியில் ஓடும் பாஸ்பாரிக் அமில செல் சுமார் 1 சதவீதம் வரை தாங்கும். 700 டிகிரிக்கு மேல் ஓடும் திட ஆக்சைடு செல்லுக்கோ அந்த விஷமே எரிபொருள்!

அடுத்த முறை யாராவது ஒரு செல்லின் திறன் இவ்வளவு சதவீதம்னு பெருமையா சொன்னா, ஒண்ணு கேளுங்க: வாயுவைச் சுத்தம் பண்ண ஆன செலவையும் சேர்த்தா?

மாண்டின் செல் கடைசிவரை லாபமாகாமலே போனது.