பட்டமும் பூட்டிய வாயிலும்

நோய்க்கு மதமில்லை, மருந்துக்கும் மதமில்லை. ஆனால், மருத்துவப் பட்டத்துக்கு மதம் இருந்தது! எங்கே? அறிவியல் வளர்த்த நாடென்று நாம் போற்றும் இங்கிலாந்திலே!

பட்டம் வழங்க அங்கே நெடுங்காலம் இருந்தவை இரண்டே பல்கலைக் கழகங்கள்: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாட்டை ஏற்காதவன், எத்துணை அறிவாளியாயினும், அங்கே பட்டம் பெற இயலாது. நாடி பிடிக்கும் கைக்கும் சமயச் சான்று வேண்டும்! ஒதுக்கப்பட்டோர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவை நாடினர். 1726-இல் மருத்துவப் பிரிவு கண்ட அப்பல்கலைக் கழகம் மாணவரின் மதத்தைக் கேட்கவில்லை. பின்னர், 1826-இல் மதச் சோதனையற்ற கல்லூரியொன்று இலண்டனில் எழுந்தது. 1836-இல் இலண்டன் பல்கலைக் கழகம் பட்டமளிக்கும் உரிமை பெற்றது.

நாம் மகிழ்ந்து நிற்கையில் வரலாறு நம்மைப் பார்த்து நகைக்கிறது. மதம் கேட்காத அதே எடின்பரோ, 'நீ பெண்ணா?' என்று கேட்டது!

1869-இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் அங்கே நுழைந்தனர், விரைவில் எழுவராயினர். தனி வகுப்பு, கூடுதல் கட்டணம்! வேதியியலில் முதன்முறை தேர்வெழுதியோருள் எடித் பீச்சி முதலிடம் பெற்றார். அவருக்குரிய ஹோப் உதவித்தொகையோ ஆடவருக்குப் போயிற்று. 1870 நவம்பர் 18 அன்று, உடற்கூற்றுத் தேர்வெழுத வந்த அப்பெண்கள்மீது சேறு வீசினர், படித்த வீட்டுப் பிள்ளைகள்! வாயிலை அடைத்தனர். தேர்வுக் கூடத்துக்குள் ஆடொன்றையும் தள்ளிவிட்டனர். அதை அனுப்பியவர்களைவிட ஆட்டுக்கு அறிவு அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம் ஆசிரியர். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.

1873-இல் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது: பெண்களைச் சேர்த்ததே தவறு!

விரட்டப்பட்டோர் ஓய்ந்தாரில்லை. 1874-இல் இலண்டனில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது. 1876-இல் சட்டம் வந்தது. பெண்களுக்குத் தகுதி வழங்கலாம் என்றதே தவிர, வழங்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. 1878-இல் இலண்டன் பல்கலைக் கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தது.

அதற்கு முன்பே, 1875-இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது! அவருள் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னர் இலண்டன் சென்று, 1882-இல் பட்டம் பெற்று, சென்னைக்கே மீண்டார். பெருமைதான்; ஆனால் அந்நால்வரும் வெள்ளையர் வழிவந்தோர். நம் முத்துலெட்சுமி அக்கல்லூரியில் பட்டம் பெற 1912 ஆயிற்று.

எடின்பரோ? 1894-இல்தான் பெண்களுக்குப் பட்டமளிக்க இசைந்தது. அன்று விரட்டிய எழுவருக்கும் 2019-இல் மதிப்புறு பட்டம் வழங்கிற்று. பெற்றுக்கொள்ள அவர்கள் உயிரோடில்லை. அங்கே பயின்ற மாணவியர் எழுவர் அவர்களுக்காக மேடையேறி வாங்கினர்.