போர்த்கர்னோ: பம்பாய்க்குத் தந்தி புறப்பட்ட மணல்கரை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது கார்ன்வால். அங்கே நிலம் முடியும் லேண்ட்ஸ் எண்ட் முனைக்குச் சில மைல் முன்னால், கருங்கல் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. அந்தப் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மணல் விரிகுடா; பெயர் போர்த்கர்னோ. கிளிஞ்சல் நொறுங்கி ஆன வெளிர் மணல். வெயில் அடித்தால் பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். ஜூன் மாதம்தான் போனோம், ஆனாலும் தண்ணீரில் வைத்த காலை உடனே எடுத்துவிட்டேன். மெரினா பழக்கம் அங்கே செல்லாது.

மகளும் பேரனும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண் கரையோரம் இருந்த ஒரு சின்னக் கட்டடத்தில் நின்றது. கடலடிக் கேபிள்கள் கரையேறிய அறை அது. வங்கியில் பல வருடம் டி.டி. அனுப்பியவனுக்கு அது கோயில் மாதிரி!

1857 கிளர்ச்சிச் செய்தி லண்டனை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஆட்சியாளர்கள் பயந்துபோனார்கள். அவசர அவசரமாகச் செங்கடல் வழியே ஒரு கேபிள் போட்டார்கள். 8 லட்சம் பவுண்டு முதலுக்கு, வருடம் நாலரை சதவீதம், 50 வருடத்துக்கு அரசாங்க உத்தரவாதம். கேபிள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் பணம் உண்டு என்பது நிபந்தனை. கேபிள் 1860-லேயே படுத்துவிட்டது. வருடம் 36,000 பவுண்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஒரு கடன் பத்திரத்தை எங்கள் கிளை மேலாளர் மேஜையில் வைத்திருந்தால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

1865-ல் துருக்கி வழியாகத் தரைவழித் தந்தி வந்தது. வழியில் பல கை மாறி, நாட்கணக்கில் தாமதமாகி, வார்த்தைகள் சிதைந்து போய்ச் சேரும். லண்டனில் பருத்தி விலை ஏறியதை பம்பாய் வியாபாரி ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்? இதைப் புரிந்துகொண்டவர் ஜான் பெண்டர். அவரும் துணி வியாபாரிதான். தனியார் மூலதனம் திரட்டி, பம்பாய், ஏடன், சூயஸ், மால்டா, ஜிப்ரால்டர், போர்ச்சுகல் என்று கோர்த்து, 1870 ஜூனில் கடைசி முனையை போர்த்கர்னோ மணலில் ஏற்றினார்.

அழகுக்காக இந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் நினைத்த இடம் ஃபால்மவுத் துறைமுகம். அங்கே கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சினால் கேபிள் அறுந்துபோகும். இங்கேயோ கப்பல் வராது, ஆள் நடமாட்டமும் இல்லை, புதைக்க மெத்தென்ற மணல். ஆனாலும் கம்பெனியின் பெயரில் ஃபால்மவுத் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயர்ப்பலகை மாற்றும் செலவை யோசித்தார்களோ என்னவோ!

செம்புக் கம்பியைச் சுற்றி, மலாய் நாட்டு மரப்பாலான கட்டா பெர்ச்சா. அதன்மேல் இரும்புக் கவசம். அவ்வளவு தூரம் வந்து சேரும் மின்சாரம் மிக மிகச் சன்னமாக இருக்கும். அது ஒரு குட்டிக் கண்ணாடியை லேசாகத் திருப்பும்; கண்ணாடியில் பட்ட ஒளிப்புள்ளி இடதும் வலதுமாக நகரும். இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்தே எழுத்து எழுத்தாகச் செய்தியைப் படித்தார்கள். மறுவருடமே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கேபிள் போனது.

இதெல்லாம் சாமானியனுக்காக வந்ததல்ல. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். சர்க்காரும் பெரிய வியாபாரிகளும்தான் தாங்க முடியும். அவர்களும் ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் சங்கேதப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் தந்திக்காரர் மணியடித்தாலே பாட்டிமார் ஒப்பாரிக்குத் தயாராகிவிடுவார்கள். வங்கிகளுக்கோ அது வரப்பிரசாதம். பணம் பெட்டியில் ஏறிக் கப்பலில் போகாமல், சொல்லாகப் போனது. நாங்கள் டி.டி.யில் ரகசிய எண் சேர்த்துச் சரிபார்த்ததும் அந்த வழக்கத்தின் வாரிசுதான்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, தகரச் சுரங்கத் தொழிலாளர்களை வைத்து மலையைக் குடைந்து, நிலையத்தையே உள்ளே கொண்டுபோனார்கள். தந்தி நிலையம் 1970-ல் மூடப்பட்டது. சரியாக நூறு வருடம். அந்தச் சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். கருவிகளை நன்றாகவே விளக்குகிறார்கள். இந்தியாவை ஆளுவதற்கு இந்தக் கம்பி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் கருத்து.

1997-ல் ஃப்ளாக் என்ற கண்ணாடியிழைக் கேபிளும் இதே கரையில்தான் ஏறியது. மும்பையைத் தொட்டு ஜப்பான் வரை போகிறது.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் நம் குடியிருப்புக்காரர்கள் ஒரு நடை போய் வரலாம். பேடிங்டனிலிருந்து பென்சான்ஸுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம் போல ஆகும்; அங்கிருந்து பஸ் உண்டு. பாறைமேல் ரொவீனா கேட் என்ற பெண்மணி உருவாக்கிய மினாக் திறந்தவெளி அரங்கில் 1932 முதல் நாடகம் நடக்கிறது. கடற்கரையிலிருந்து அங்கே ஏறும் படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டியில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடங்கள்.