ஆல்டர் பீஸ்

திருப்பூர்த் தொழிலாளர் வரலாறு என்றால் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொல்கிறோம். தொழிலைக் கற்ற விதத்தைச் சொல்வதில்லை.

எண்பதுகளில் ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் கூட்டமாக வந்தோம்: கைமடிக்க, பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க. "மிஷினத் தொடாத புள்ள" என்பார் டெய்லர். சாப்பாட்டு நேரத்தில், ஒதுக்கிப் போட்ட ஆல்டர் பீஸைப் பிரித்து, தையல் விட்ட இடத்தை ஓட்டித்தான் ஓவர்லாக் பழகினேன். "பிரிச்சுப் பாரு கண்ணு, தானா வரும்" என்றார் பக்கத்து அக்கா.

அந்தப் பீஸ்களும் கப்பலேறின. திருத்திய நேரத்துக்குக் கூலி கிடையாது. பீஸ்ரேட்டுக்குப் புதுத் தையல்தான் உழைப்பு. அதே வேலையைக் கற்ற பையன் டெய்லரானான். சம்பளப் பதிவேட்டில் நான் ஹெல்பராகவே இருந்தேன்.

போராட்ட நாட்களை எண்ணிவைத்திருக்கிறோம். அந்தச் சாப்பாட்டு நேரங்களையும் எண்ணினால்தான் கூலிக்கணக்கு முடியும்.