சிறிய எண்ணிக்கை, பெரிய சான்று: சிங்கப்பூரில் அரிய புற்றுநோய்களும் நிதிக்கொள்கையும்

ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதே அரிய புற்றுநோய் என்பது ஐரோப்பிய ஆய்வாளர்களின் வரையறை. இவை அனைத்தும் சேர்ந்தால் ஐரோப்பாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேலாகும். குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக ஏறத்தாழ 42 லட்சம் பேர் வாழும் சிங்கப்பூரில், அந்த வரம்பைத் தொடும் நோய்க்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 250 நோயாளிகள்தாம். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் நால்வர்; அவர்களுள் இந்தியர் மூன்றாண்டுக்கு ஒருவர் இருக்கக்கூடும். எண்ணிக்கையின் சிறுமை நோயாளியைத் தண்டிக்காத நிதிவிதி தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிஷீல்டு லைஃப் முன்பு புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கு மாதம் 3,000 வெள்ளிவரை வழங்கியது. 2022 செப்டம்பர் 1 முதல், சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், மருந்துக்கேற்ப 200 முதல் 9,600 வெள்ளிவரை வழங்குகிறது. பலனும் செலவுத்திறனும் நிறுவப்பட்டவையே பட்டியலில் இடம்பெறுகின்றன. பொதுப்பணத்தைக் காக்கவும் மருந்து விலையைக் குறைக்கவும் இது தேவையான ஏற்பாடுதான். ஆனால், ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திய ஒப்பீட்டாய்வை எதிர்பார்த்தால், நான்கு நோயாளிகள் உள்ள நோய்க்கு அத்தகைய சான்று ஒருநாளும் கிடைக்காது. கூடுதல் காப்புறுதி வாங்க வசதியுள்ளவர் பட்டியலுக்கு வெளியிலுள்ள மருந்தையும் பெறலாம். மற்றவருக்கு அவ்வழி இல்லை.

சிறிய ஆய்வும் உறுதியான சான்று தர முடியும். இரைப்பை, குடல் சார்ந்த ஜிஸ்ட் கட்டிக்கு இமாட்டினிப் மருந்து 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 147 நோயாளிகளிடம் நடந்த ஆய்வால்தான். அதில் பாதிக்கு மேற்பட்டோரின் கட்டி சுருங்கியது. இத்தகைய மருந்துகளை நிபந்தனையோடு பட்டியலில் சேர்த்து, பலனைப் பதிவுசெய்து, குறித்த காலத்தில் மறுஆய்வு செய்யலாம். 1968 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் அதற்கான அடித்தளம்.

எண்ணிக்கையைப் பெருக்க எல்லை தாண்டிய கூட்டும் வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் 2002 முதல் 2011 வரை ரத்தப் புற்றுநோயுற்ற 556 சிறாரை ஒரே நெறிமுறையில் சேர்த்துச் சிகிச்சை அளித்தனர். ஆறாண்டுக்குப் பின் உயிரோடிருந்தோர் விகிதம் 88 விழுக்காடு. அரிய புற்றுநோய்களுக்கு இக்கூட்டைத் தமிழ்நாட்டு மையங்கள்வரை விரிக்கலாம்.

நிதிக்கும் முன்மாதிரி உண்டு. கேகே மகளிர், சிறார் மருத்துவமனை நிர்வகிக்கும் அரிய நோய் நிதி 2019இல் தொடங்கியது. நன்கொடையாக வரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு மூன்று வெள்ளி சேர்க்கிறது. கோஷே போன்ற மரபணு நோய்களுக்கு உதவும் இம்முறையைப் புற்றுநோய்க்கும் அமைப்பது நியாயம்.

சிராங்கூன் சாலையில் ஞாயிறுதோறும் கூடும், வேலை அனுமதிச் சீட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது. முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதியின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலையில் 60,000 வெள்ளியாக உயர்ந்தபோதும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் பகல்நேர அறுவைச் சிகிச்சையுமே அதில் கட்டாயம். இமாட்டினிப் போல வீட்டில் விழுங்கும் மாத்திரையை அதில் சேர்க்காதவரை, சீர்திருத்தம் முழுமை பெறாது.