1966 கோடை: ஒரு வாரத்து ராத்திரிச் சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ஆபீஸிலிருந்து வந்து களைப்போடு நின்றுகொண்டு, ‘ராத்திரிக்கு என்ன?’ என்று தினமும் யோசிக்க முடியவில்லையாம். அதனால் ஏழு நாளைக்கும் சேர்த்து எழுதிவிட்டாள். “மாமா, நீங்களும் ஏதாவது சொல்லுங்க” என்று பேனாவை நீட்டினாள்.

வாங்கிப் படித்தேன். திங்கள் சப்பாத்தி. செவ்வாய் கோதுமை ரவை உப்புமா. வியாழன் கேழ்வரகு அடை. சனி மறுபடியும் சப்பாத்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மா ஒரு மே மாதத்தில் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். மருமகள் எழுதியது உடம்புக்கு நல்லது என்பதால். அம்மா எழுதியது வீட்டில் அரிசி இல்லை என்பதால்.

அது 1966. எனக்குப் பதினொரு வயது. திருச்சி உறையூரில் வாடகை வீடு. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அப்பா, அம்மா, பாட்டி, நான், இரண்டு தங்கைகள் என்று ஆறு பேர்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1965இல் பருவமழை பொய்த்தது. அதற்கு முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் 8 கோடியே 90 லட்சம் டன் அளவுக்கு விளைந்த உணவு தானியம், 1965-66இல் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அடுத்த ஆண்டும் வறட்சி. இடையில் பாகிஸ்தானுடன் போர் வேறு. 1956இல் போட்ட ஒப்பந்தப்படி பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்தது. ரூபாயிலேயே விலை கொடுக்கலாம் என்பது அதிலிருந்த வசதி. ஆனால் அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுப்பச் சம்மதிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிட்டார். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் அடுப்பில் உலை என்ற நிலை. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அந்த ஒரு கோடி டன்னில் ஒரு சாக்கு எங்கள் தெரு ரேஷன் கடைக்கும் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷனில் எங்களுக்குக் கிடைத்த அரிசி வாரத்தில் நாலு நாளைக்கு வரும். மீதி கோதுமை. அதுவும் மாவாக வராது. சிவப்பாக, கெட்டியாக, முழுக் கோதுமையாக வரும். அம்மா அதைக் களைந்து காயவைத்து மில்லுக்குக் கொடுத்தனுப்புவாள். ஒன்றிரண்டாக உடைத்துக்கொண்டு வரவேண்டும். வந்ததும் சல்லடை. மேலே நிற்பது உப்புமாவுக்கு, கீழே விழுவது சப்பாத்திக்கு, தவிடு பக்கத்து வீட்டு மாட்டுக்கு. அந்தத் தவிட்டுக்குப் பதிலாக ஒரு செம்பு மோர் வரும். எங்கள் வீட்டு நீர்மோரின் ஆதாரம் அமெரிக்கக் கோதுமைத் தவிடு என்பதைப் பெரியவனான பிறகுதான் உணர்ந்தேன்.

பாட்டிக்குக் கோதுமை புதிதில்லை, ஆனால் பிடிக்காது. “ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சப்பவே இதைத் தின்னாச்சு” என்பாள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றது. அதுவரை நம் பக்கத்தில் பலருடைய சோறு கடல் தாண்டி வந்த பர்மா அரிசிதான். அடுத்து ரேஷன் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்த உணவுக் கட்டுப்பாட்டை 1952இல் முதலமைச்சரான ராஜாஜிதான் எடுத்தார். இனிமேல் கியூவில் நிற்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்த கிழவிக்குப் பதினாலு வருஷம் கழித்து மறுபடியும் அதே சிவப்புக் கோதுமை.

சரி, அந்த வாரத்துக்கு வருகிறேன்.

அத்தை, அப்பாவின் அக்கா, பாபநாசம் பக்கத்து கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். விடுமுறைக்கு மூன்று பிள்ளைகளோடு புதன்கிழமை வருவதாகக் கார்டு போட்டிருந்தாள். ஆறு பேர் பத்துப் பேராகப் போகிறார்கள். ரேஷன் கார்டில் மாற்றமில்லை. அன்றைக்குத்தான் அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பின்பக்கம் கணக்குப் போட்டாள். பகல் சாப்பாட்டுக்குச் சோறு இல்லாமல் முடியாது. ஆகவே வெட்டு விழுந்தது முழுக்க ராத்திரியில்.

திங்கள்கிழமைக்கு அவள் எழுதியது: ஒன்றுமில்லை. இது எங்கள் வீட்டு வறுமை அல்ல, தேசத்தின் வேண்டுகோள். போர்க்காலத்தில் பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை, திங்கள் இரவு, உணவைத் தவிர்க்கச் சொன்னார். ஹோட்டல்களே அன்று இரவு அடுப்பணைத்தன. சாஸ்திரி 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் இறந்துபோனார். பல வீடுகளில் அதோடு அதுவும் போயிற்று. அப்பா விடவில்லை. “சொன்னவர் போயிட்டார்னா சொன்னது போயிடுமா?” என்றார். பாட்டிக்கு அது சோமவார விரதமாகவும் கணக்காயிற்று. விரதம் என்றால் சோறுதான் கூடாது, பலகாரம் ஆகலாம் என்பது நம் ஊர்ச் சட்டம். ஏழு இட்லி சாப்பிட்டு விரதமிருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்பாவிடம் அந்தச் சலுகை கிடையாது. பிள்ளைகளுக்கு மட்டும் அவித்த மரவள்ளிக் கிழங்கு, ஆளுக்கு ஒரு தம்ளர் நீர்மோர்.

செவ்வாய் கோதுமை ரவை உப்புமா, மாங்காய்த் துவையல். மாங்காய் மலிவு. புதன் சோறு, சுண்டை வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். நாத்தனார் வரும் நாளில் உப்புமா போட முடியாதல்லவா? வியாழன் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. வெள்ளி சோறு, பருப்புத் துவையல், வேப்பம்பூ ரசம். சனி சப்பாத்தி. எங்கள் வீட்டில் சப்பாத்திக் கட்டையே கிடையாது. அம்மா அப்பளப் பலகையையும் குழவியையும் வைத்துத்தான் இட்டாள். தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய்க் கூட்டு. உருளைக்கிழங்கு வாங்கக் கட்டாது. ஞாயிறு மொட்டை மாடியில் புளிச்சோறு. பெரியவர்களுக்குப் பகலில் மிஞ்சியது.

காய்கறியும் வற்றலும் எழுதப்படவே இல்லை. சித்திரையில் மாடியில் காய்ந்த வடகம், மோர் மிளகாய், மணத்தக்காளி எல்லாம் ஜாடியில் இருந்தன. கோடையில் எங்களைக் காப்பாற்றியது அந்த ஜாடிகள்தான். அம்மாவின் எழுத்தெல்லாம் படிக்கணக்கு மட்டுமே: எந்த ராத்திரிக்கு எத்தனை ஆழாக்கு அரிசி, எத்தனை கோதுமை.

புதன் மாலை அத்தை வந்தாள். ஒரு தகர டிரங்குப் பெட்டி, ஒரு கூடை மாங்காய், ஒரு படுக்கைச் சுருள். மே மாத வெயிலில் எதற்குப் படுக்கை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவும் அத்தையும் சமையல்கட்டில் சுருளை அவிழ்த்தபோது ஜமுக்காளத்துக்குள் துணிப்பைகளில் அரிசி. ஆறு படி.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். அன்று குற்றம்தான். தஞ்சாவூர் உபரி மாவட்டம். அங்கிருந்து அனுமதியில்லாமல் அரிசி வெளியே போகக்கூடாது. உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தார்கள்; தென்னாட்டின் நெல் அங்கேதான் இருந்தது. எல்லையில் சோதனை, ரயிலில் சோதனை. ஒரே ஆற்றுத் தண்ணீர் பாயும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் அரிசிக்கு மட்டும் வேலி. வயிற்றில் கட்டிக்கொண்டும், பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டும் பெண்கள் அரிசி கொண்டுவந்த காலம் அது. சாக்குச் சாக்காக லாரியில் கடத்தியவர்களும் உண்டு. சோதனையில் மாட்டியது பெரும்பாலும் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று ராத்திரி சோறு பூப்போல இருந்தது. ரேஷன் அரிசியில் ஒரு மக்கல் வாடை உண்டு. அது இல்லை. அப்பா இரண்டாவது கவளத்திலேயே நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“இது ரேஷன் அரிசி இல்லையே?”

அம்மா பதில் சொல்வதற்குள் அத்தை சொன்னாள். “நம்ம வயல் அரிசிதான் தம்பி. ஆறு படி கொண்டாந்தேன்.”

“பர்மிட் இருக்காக்கா?”

“தம்பி வீட்டுக்கு அரிசி கொண்டார எவன்கிட்டடா பர்மிட் கேக்கணும்?”

அப்பா மேலே பேசவில்லை. தட்டிலிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கையலம்பிக்கொண்டு வந்து, “நாளையிலேருந்து எனக்குக் கோதுமையே போதும்” என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். பாட்டி மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அந்தத் தாள்கள் மாறியிருந்தன. வெள்ளிக்கு எழுதிய சோற்றுக்குப் பக்கத்தில் ‘அவருக்கு ரவை’ என்றிருந்தது. ஞாயிற்றுக்குப் பக்கத்திலும் அதேதான். ஒரு வீட்டில் இரண்டு உலை. வெள்ளிக்கிழமை நாங்கள் ஏழு உருப்படிகள் பாபநாசத்து அரிசிச் சோற்றில் வேப்பம்பூ ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்க, அப்பா ஓரமாக உட்கார்ந்து கோதுமை உப்புமா தின்றார். அத்தை அன்று தலைவலி என்று சாப்பிடவில்லை. அம்மா யார் பக்கமும் நிற்கவில்லை. எங்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தான் உட்கார்ந்தபோது, இரண்டு பாத்திரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வண்டிக்கே அத்தை கிளம்பிவிட்டாள். மாடியில் புளிச்சோறு இல்லாமலே போகிறோமே என்று அவள் பிள்ளைகள் அழுதன. அப்பா ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பினார். ஆனால் அடுத்த கோடைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த கோடைக்கும் வரவில்லை.

அப்பா செய்தது சரியா? எனக்கு எழுபது ஆகிறது. இரண்டு விதமாகவும் யோசித்தாயிற்று. சட்டம் இருந்தது. பற்றாக்குறை மாவட்டங்களுக்கு நெல்லைக் கொள்முதல் செய்து கொடுக்க அப்படியொரு வேலி வேண்டியும் இருந்தது. சம்பளம் கொடுத்த அரசின் உத்தரவை வீட்டுக்குள் மீற அவருக்கு மனம் வரவில்லை. எல்லாம் சரி. ஆனால் பயந்து பயந்து ஜமுக்காளத்துக்குள் ஆறு படியைச் சுருட்டிக்கொண்டு வந்தவள் வியாபாரி இல்லை, அக்கா. அதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லாமல் போகலாம். அப்பாவின் மனத்தில் இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது.

1967 பிப்ரவரியில் தேர்தல். “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்று தி.மு.க. முழங்கியது. இந்திப் போராட்டத்தின் கோபம் ஒருபுறம், அரிசி ஒருபுறம். முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார், விருதுநகரில் காமராஜர் தோற்றார், மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் தோற்றார். இந்த மூன்றாவது தோல்விதான் எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கும். 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையைத் தருவித்துப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்தவர் அவர். விதை முளைத்து ஊர் முழுக்கத் தெரிவதற்குள் ஓட்டுப் பெட்டி வந்துவிட்டது. அம்மா யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய செய்தியை அப்பா பேப்பரில் படித்தபோது மட்டும், “திருச்சிக்கு லட்சியமும் இல்லை, நிச்சயமும் இல்லை” என்று முணுமுணுத்தாள். அதை வைத்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அரிசி பின்னால் தாராளமாக வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சனி ராத்திரி சப்பாத்தி நிற்கவே இல்லை. தங்கைகள் கல்யாணமாகிப் போன வீடுகளுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். பிற்காலத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர், “ராத்திரியில் சோறு வேண்டாம், கோதுமை சாப்பிடுங்க” என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலையே அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. அடுத்த மாதம் அத்தை வந்து பத்து நாள் இருந்தாள்.

மருமகளின் தாளில் புதன்கிழமைக்குச் ‘சேமியா’ என்றிருந்தது. அதை அடித்தேன். அன்றைக்கு அத்தை மகன் வருகிறான். படுக்கைச் சுருளோடு வந்த அந்த மூன்று பிள்ளைகளில் மூத்தவன். காரில் ஒரு மூட்டை வயல் அரிசி கொண்டுவருவதாகப் போனில் சொன்னான். எனக்கும் இப்போது டாக்டர் சோற்றை அளந்துதான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். ‘புதன்: சோறு, சுண்டை வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். எல்லாருக்கும்’ என்று எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.